இதயத்தை ஒட்டிய நீர்க்கட்டி: எடுக்க வேண்டுமா, விட்டுவைக்கலாமா?

நெஞ்சு எக்ஸ்ரேயில் இதயத்துக்குப் பக்கத்தில் ஏதோ நிழல் தெரிகிறது என்று கிளினிக்கில் சொன்ன அன்றே வீட்டில் தூக்கம் போய்விடும். மலேசியாவில், பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர மெடிக்கல் செக்கப் போன பையனாக இருப்பான், இல்லையென்றால் இருமல் நிற்கவே இல்லையே, காசநோயாக இருக்குமோ என்று எக்ஸ்ரே எடுக்கப் போன அம்மாவாக இருப்பார். உடம்பில் வேறு தொந்தரவு எதுவும் இருக்காது. ஆனால் இதயம், கட்டி என்ற இரண்டும் ஒரே மூச்சில் காதில் விழுந்துவிட்டால் அப்புறம் டாக்டர் சொல்லும் மற்றது எதுவும் மனதில் ஏறாது. பெரியம்மா போன் போட்டு, “கத்தி பட்டா பரவிடும்யா, கை வைக்க விடாதே” என்பார். மாமா, “பினாங்குல இத்தனை பிரைவேட் ஆஸ்பத்திரி இருக்கு, துளை போட்டு ரெண்டு நாள்ல எடுத்துடுறாங்க, இதுக்குப் போய் யோசிக்கிறியே” என்பார். இரண்டு பேரும் அன்பில்தான் சொல்கிறார்கள், இரண்டுமே தப்பான இடத்தில் கொண்டுபோய் விடக்கூடிய பேச்சு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துளைவழி அறுவை சிகிச்சை வந்த பிறகு, நெஞ்சைப் பிளந்துதான் எடுக்க வேண்டியிருந்த இந்தக் கட்டிகளை மூன்று சிறிய துளை வழியாக எடுத்துவிட முடிகிறது, அது பெரிய வரம். ஆனால் துளை சிறியது என்பது கட்டியை எடுப்பதற்கான காரணம் ஆகாது. எடுக்க வேண்டுமா என்ற கேள்விக்கு ஸ்கேன் படத்தை வைத்துப் பதில் கிடைத்த பிறகுதான் எப்படி எடுப்பது என்ற பேச்சே வர வேண்டும். நடைமுறையில் இது தலைகீழாகத்தான் நடக்கிறது. “கீஹோல்ல பண்றாங்களாம்” என்று கேள்விப்பட்டதுமே பாதி முடிவு ஆகிவிடுகிறது.

சரி, இந்தக் கட்டி என்பது என்ன? இரண்டு நுரையீரலுக்கும் நடுவில், நெஞ்செலும்புக்குப் பின்னால் முதுகெலும்பு வரைக்கும் ஓர் இடம் இருக்கிறது. இதயம், பெரிய ரத்தக் குழாய்கள், மூச்சுக்குழல், உணவுக்குழாய், நோய் எதிர்ப்புச் சக்திக்கு உதவும் தைமஸ் சுரப்பி எல்லாம் அங்கேதான் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. அந்த இடத்தில் வரும் நீர்க்கட்டிகளில் பல, நாம் தாயின் வயிற்றில் உருவாகும்போதே விழுந்துவிட்டவை. இதயத்தைச் சுற்றி இரட்டைச் சுவர் கொண்ட உறை ஒன்று இருக்கிறது, நடுவில் வழுவழுப்புக்காகக் கொஞ்சம் நீர். கருவில் இந்த உறை சிறு சிறு இடைவெளிகளாகத் தோன்றி ஒன்றோடொன்று இணைந்து முழுதாகிறது. அப்படி இணையாமல் தனியே நின்றுபோன ஒரு துண்டுதான் பிறகு நீர் நிறைந்த பையாகிறது என்று 1940ல் லாம்பர்ட் என்ற மருத்துவர் விளக்கம் கொடுத்தார், இன்றும் அதைத்தான் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். இதுதான் இதய உறை நீர்க்கட்டி. லட்சம் பேரில் ஒருவருக்கு என்ற கணக்கில் வருவது, பத்தில் ஏழு வலது பக்கத்தில், இதயமும், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானமும் சேரும் மூலையில் உட்கார்ந்திருக்கும். முப்பது, நாற்பது வயதில் வேறு எதற்கோ எடுத்த படத்தில் தற்செயலாகத் தெரியும். சுவர் மெல்லியது, உள்ளே தெளிந்த நீர். ஊற்று நீர்க்கட்டி என்றே இதற்கு ஆங்கில மருத்துவத்தில் ஒரு பழைய பெயர் உண்டு.

இதே இடத்தில் வேறு கட்டிகளும் வரும், அவற்றின் குணம் வேறு. மூச்சுக்குழல் உருவாகும்போது பிரிந்துபோன மொட்டு ஒன்று சளி நிறைந்த பையாக வளர்வதுதான் மூச்சுக்குழல் நீர்க்கட்டி. மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்துக்குக் கீழே, இதயத்தின் பின்பக்கத்தை ஒட்டி அது இருக்கும். இதில் கிருமி தொற்றலாம், வளர்ந்து மூச்சுக்குழலை அழுத்தலாம், மிக அரிதாகப் புற்றாகவும் மாறலாம், அதனால் உடம்பு தாங்கும் என்றால் எடுத்துவிடுவதே நல்லது என்று பல அறுவை நிபுணர்கள் நினைக்கிறார்கள். தைமஸ் நீர்க்கட்டி நெஞ்செலும்புக்கு நேர் பின்னால் வருவது. டெரட்டோமா என்று ஒன்று இருக்கிறது, அதற்குள் முடி, கொழுப்பு, சில சமயம் பல்கூட இருக்கும். அது தீங்கற்ற வகையாக இருந்தாலும் வெடித்து நுரையீரலுக்குள்ளோ இதய உறைக்குள்ளோ திறந்துகொள்ளக்கூடும் என்பதால் விட்டுவைப்பதில்லை. ஆக, பக்கத்து வீட்டுக்காரருக்கு இதயத்துக்குப் பக்கத்தில் கட்டி இருந்தது, டாக்டர் ஒன்றும் செய்ய வேண்டாம் என்றார் என்பதை வைத்து நாம் எந்த முடிவுக்கும் வர முடியாது. அவருக்கு இருந்தது எந்தக் கட்டி என்று தெரிய வேண்டும்.

கண்டுபிடிப்பது எப்படி? எக்ஸ்ரே ஒரு நிழலைத்தான் காட்டும். அந்த மூலையில் கொழுப்புத் திட்டு இருந்தாலும் நிழல்தான், உதரவிதானத்தில் உள்ள பிறவித் துவாரம் வழியாக வயிற்றுக் கொழுப்போ குடலோ மேலே ஏறியிருந்தாலும் நிழல்தான். அடுத்தது சிடி ஸ்கேன். அதில் ஒவ்வொரு புள்ளிக்கும் அடர்த்தி எண் ஒன்று இருக்கிறது. ஸ்கேன் கருவியை உருவாக்கி 1979ல் நோபல் பரிசில் பங்கு பெற்ற ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரில் வழங்கும் எண் அது. தண்ணீருக்கு 0, காற்றுக்கு -1000, கொழுப்புக்கு ஏறக்குறைய -100. இதய உறை நீர்க்கட்டி என்றால் எண் 0க்கும் 20க்கும் இடையில் இருக்கும், சாயம் ஏற்றினாலும் பிரகாசமாகாது, ஏனென்றால் உள்ளே ரத்த ஓட்டம் இல்லை. உங்கள் அறிக்கையில் இந்த எண் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள். அதைக் கேட்பதில் தப்பே இல்லை.

சிக்கல் வருவது இங்கேதான். மூச்சுக்குழல் கட்டியிலோ தைமஸ் கட்டியிலோ உள்ளே இருப்பது கெட்டியான சளி, புரதம் நிறைந்த நீர், சில சமயம் பழைய ரத்தம். அடர்த்தி எண் 40, 60 என்று ஏறிவிடும். அது சதையின் எண். சிடி பார்ப்பவருக்கு அது திடமான கட்டி, தைமஸ் சுரப்பியில் வளரும் தைமோமாவாக இருக்கலாம், நிணநீர்க்கணுப் புற்றாகவும் இருக்கலாம் என்று தோன்றும். எழுதியும் கொடுப்பார், அவர் கடமை அது. இந்த இடத்தில் எம்ஆர்ஐ எடுத்தால் நீரா சதையா என்பது பெரும்பாலும் தெளிந்துவிடும். தைமஸ் பகுதியில் திடமான கட்டி என்று நினைத்து முழுச் சுரப்பியையும் எடுத்துவிட்டு, பிறகு ஆய்வகத்தில் பார்த்தால் வெறும் நீர்க்கட்டி என்று வந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் நிறையப் பதிவாகியிருக்கின்றன, எம்ஆர்ஐ எடுத்திருந்தால் இவற்றில் பலவற்றைத் தவிர்த்திருக்கலாம் என்று எழுதுகிறவர்களும் நெஞ்சு அறுவை நிபுணர்கள்தான். அறுவைக்குத் தேதி குறிப்பதற்கு முன்பு “டாக்டர், எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்கலாமா?” என்று ஒரு கேள்வி. இந்தக் கட்டுரையில் நீங்கள் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஊசி போட்டு நீரை உறிஞ்சிவிடலாமே என்று கேட்பார்கள். செய்கிறார்கள். தொந்தரவு கொடுக்கும் இதய உறை நீர்க்கட்டிக்கு ஸ்கேன் பார்த்தபடி ஊசி வழியாக நீரை எடுத்து, தேவைப்பட்டால் சுவர் ஒட்டிக்கொள்ள ஆல்கஹால் செலுத்துவது ஐரோப்பிய இதயநோய் வழிகாட்டி நூல்களில் உள்ள முறைதான். பை அப்படியே இருப்பதால் பலருக்கு மறுபடியும் நீர் சேர்ந்துவிடுகிறது. வயதானவர்கள், மயக்க மருந்து தாங்காதவர்கள் ஆகியோருக்கு இது நல்ல வழி. கட்டி என்னவென்று உறுதியாகாதபோது ஊசி குத்துவது நல்லதில்லை, ஆட்டிலும் நாயிலும் வாழும் நாடாப்புழுவால் உண்டாகும் கட்டி என்றால் உள்ளே உள்ள நீர் கசிந்தாலே கடுமையான ஒவ்வாமை வரலாம். நம் நாட்டில் அது அரிது, அந்த நோய் அதிகமுள்ள நாடுகளில் இருந்துவிட்டு வந்தவர்கள் மட்டும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

யாருக்கு எடுக்க வேண்டும் என்பதில் ஓரளவு ஒத்த கருத்து இருக்கிறது. மூச்சு வாங்குகிறது, நெஞ்சில் அழுத்தம், விடாத இருமல், படபடப்பு, இவற்றுக்குக் கட்டிதான் காரணம் என்று தெரிந்தால் எடுக்கலாம். அடுத்தடுத்த ஸ்கேனில் வளர்ந்துகொண்டே போனால், இதயத்தின் வலது அறைகளை அழுத்துவதாக எக்கோவில், அதாவது ஒலி அலையால் இதயத்தைப் பார்க்கும் ஸ்கேனில் தெரிந்தால், என்ன கட்டி என்றே நிச்சயமாகச் சொல்ல முடியாவிட்டால் எடுக்கலாம். அடர்த்தி எண் தண்ணீருடையது, சுவர் மெல்லியது, ஆளுக்குத் தொந்தரவு ஒன்றும் இல்லை என்றால் விட்டுவிட்டு ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ திரும்பப் பார்ப்பார்கள். இதய உறைக் கட்டி எக்கோவில் நன்றாகத் தெரியும் இடத்தில் இருந்தால் ஒவ்வொரு முறையும் கதிர்வீச்சு வாங்கத் தேவையில்லை, எக்கோவே போதும். சில கட்டிகள் தானாகவே மறைந்துபோனதும் உண்டு.

இதில் நம் சமூகத்துக்கு என்று ஒன்று சொல்ல வேண்டும். மலேசியாவில் 2019ஆம் ஆண்டு நடந்த தேசியச் சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது, இந்தியர்களிடம் அந்த விகிதம் மற்றவர்களைவிட அதிகம். ஐம்பது வயதில், சர்க்கரையோடு, படியேறினால் நெஞ்சை இறுக்குகிறது என்று வருகிற ஒருவருக்கு ஸ்கேனில் நாலு சென்டிமீட்டர் நீர்க்கட்டி தெரிகிறது என்று வையுங்கள். வலிக்குக் காரணம் கட்டி என்று எல்லோரும் நம்பிவிடுவார்கள், கண்ணுக்குத் தெரிகிறதே. ஆனால் அந்த வலிக்கு இதயத் தமனி அடைப்பு காரணமாக இருப்பதற்கே வாய்ப்பு மிக அதிகம். கட்டியை எடுத்துவிட்டு, அடைப்பை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. டிரெட்மில் சோதனையோ தமனி ஸ்கேனோ செய்து அந்தப் பக்கம் சுத்தமாக இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் கட்டிக்கு மேசை ஏறாதீர்கள்.

இனி அறுவை சிகிச்சைக்கு வருவோம். இதன் வரலாறு காசநோயில் தொடங்குகிறது. 1910ல் ஸ்டாக்ஹோமில் ஹான்ஸ் கிறிஸ்டியன் யாகோபேயுஸ் என்ற மருத்துவர், சிறுநீர்ப்பைக்குள் பார்க்கப் பயன்படுத்தும் குழாயை விலா இடுக்கு வழியாக நுழைத்து நெஞ்சுக்குள் பார்த்ததை எழுதினார். அந்தக் காலத்தில் காசநோய்க்கு மருந்து கிடையாது, நோயுள்ள நுரையீரலைச் சுருங்க வைத்து ஓய்வு கொடுப்பதே வைத்தியம், நுரையீரல் நெஞ்சுச் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தால் சுருங்காது. அந்த ஒட்டுகளைப் பார்த்தபடி வெட்டிவிட யாகோபேயுஸின் குழாய் உதவியது. 1940களில் ஸ்ட்ரெப்டோமைசின் வந்ததும் அந்தத் தேவையே மறைந்து, குழாயும் ஒதுங்கிவிட்டது. இதற்கிடையில் 1931ல் அமெரிக்காவில் ஓட்டோ பிக்ஹார்ட் என்பவர் இப்படிப்பட்ட நீர்க்கட்டி ஒன்றை முதன்முதலாக அறுத்து எடுத்தார், நெஞ்சைத் திறந்துதான். அறுபது வருடத்துக்கு அதுவே வழி. 1980களில் சிறிய வீடியோ கேமராக்கள் வந்து, பித்தப்பையைத் துளை வழியாக எடுக்கத் தொடங்கிய பிறகு, 1990களின் தொடக்கத்தில் நெஞ்சு அறுவை நிபுணர்களும் அதே கேமராவை எடுத்துக்கொண்டார்கள். இன்று வாட்ஸ் என்று டாக்டர்கள் சுருக்கமாகச் சொல்வது இதைத்தான்.

காசநோய்க் கதையை வேண்டுமென்றே நீட்டினேன், அதற்குக் காரணம் இருக்கிறது. மலேசியாவில் இன்றும் ஆண்டுக்கு 25,000 பேருக்கு மேல் புதிதாகக் காசநோய் பதிவாகிறது. ஒரு காலத்தில் காசநோயோ நெஞ்சில் சீழோ வந்து போனவருக்கு நுரையீரல் சுவரோடு ஒட்டியிருக்கலாம், அப்படி இருந்தால் கேமரா நுழைவதற்கே இடம் இருக்காது. துளைவழியில் தொடங்கி நெஞ்சைத் திறக்க நேர்கிற காரணங்களில் இது ஒன்று. சின்ன வயதில் எஸ்டேட்டில் இருந்தபோது ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டேன் என்பதைப் பலர் வெளியில் சொல்ல வெட்கப்படுகிறார்கள், மனைவிக்கே தெரியாமல் வைத்திருப்பவர்கள்கூட உண்டு. டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

மேசையில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். எல்லோரும் முதலில் கேட்பது, இதயத்தை நிறுத்துவார்களா என்று. இல்லை. இதயம் பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருக்கும், இதய நுரையீரல் இயந்திரமும் கிடையாது. நிறுத்துவது ஒரு பக்க நுரையீரலை. முழு மயக்கம் கொடுத்து, இரட்டைக் குழல் உள்ள மூச்சுக்குழாய் ஒன்றைத் தொண்டை வழியாக இறக்குவார்கள், ஒரு குழல் இடப்பக்கத்துக்கு, இன்னொன்று வலப்பக்கத்துக்கு. கட்டி இருக்கும் பக்கத்தின் காற்றை மூடிவிட்டால் அந்த நுரையீரல் மெல்லச் சுருங்கி ஒதுங்கும், மறுபக்க நுரையீரல் உடம்பைத் தாங்கும். இதனால்தான் அறுவைக்கு முன்பு ஊதச் சொல்லி நுரையீரல் பரிசோதனை செய்கிறார்கள், இதனால்தான் சிகரெட்டை நிறுத்தச் சொல்லி மன்றாடுகிறார்கள். ஒற்றை நுரையீரலில் ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ ஓட வேண்டும்.

துளைகள் பெரும்பாலும் இரண்டோ மூன்றோ, அரை சென்டிமீட்டரில் இருந்து ஒன்றரை சென்டிமீட்டர் வரை. ஒவ்வொரு விலா எலும்பின் கீழ் ஓரத்திலும் நரம்பும் ரத்தக் குழாயும் ஓடுவதால், எலும்பின் மேல் விளிம்பைத் தடவியபடிதான் உள்ளே நுழைவார்கள். ஒரே துளை வழியாகச் செய்யும் முறையும் இருக்கிறது, சிறு அறுவைகளுக்கு அதை 2004ல் இத்தாலியின் கயெட்டானோ ரோக்கோ எழுதினார், பிறகு ஸ்பெயினின் டியேகோ கொன்சாலெஸ் ரிவாஸ் நுரையீரல் மடலையே ஒரு துளையில் எடுத்துக் காட்டினார். இந்தக் கட்டிகளுக்கு ஒரு துளையா மூன்று துளையா என்பதில் நான் பெரிய வித்தியாசம் பார்ப்பதில்லை. டாக்டருக்கு எது கை பழகியதோ அது.

கேமரா உள்ளே போனதும் திரையில் முதலில் தெரிவது இதய உறை, துடிப்பில் முழுக் காட்சியும் அசைந்துகொண்டே இருக்கும். அதன் மேல் நீலம் பாய்ந்த, வெளிச்சம் ஊடுருவும் பை. கூர்ந்து பார்த்தால் இதய உறையின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக வெள்ளை நூல் ஒன்று, கூடவே மெல்லிய ரத்தக் குழாய். அதுதான் உதரவிதான நரம்பு. கழுத்தில் புறப்பட்டு, இதயத்தை உரசிக்கொண்டு இறங்கி, மூச்சிழுக்கும் தசையை இயக்குகிறது. அறுந்தாலோ சூடு பட்டாலோ அந்தப் பக்க உதரவிதானம் மேலே ஏறி நின்றுவிடும், இளைஞர் சமாளிப்பார், ஆஸ்துமாவோ பருமனோ உள்ளவர் படுத்தால் மூச்சு வாங்கும். அதனால் நரம்புக்கு அருகில் மின் கத்தியை ஓரம் வைத்துவிட்டு, கத்தரிக்கோலால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிப்பார்கள். பையின் சுவர் நரம்போடோ இதயத்தோடோ இறுக ஒட்டியிருந்தால் அந்தச் சிறு பகுதியை விட்டுவிட்டு மற்றதை எடுப்பதே நல்ல அறுவை நிபுணருக்கு அடையாளம். முழுசா எடுத்தீங்களா என்று கேட்கும்போது, “கொஞ்சம் விட்டிருக்கேன், நரம்பு இருந்துச்சு” என்று பதில் வந்தால் கோபப்படாதீர்கள், அவர் உங்கள் மூச்சைக் காப்பாற்றியிருக்கிறார். மூச்சுக்குழல் கட்டியில் மட்டும் சளி சுரக்கும் உள்சவ்வு மிஞ்சினால் திரும்ப வளரக்கூடும், அங்கே மிச்சம் வைத்தால் அந்தச் சவ்வை அழித்துவிடப் பார்ப்பார்கள்.

எட்டு சென்டிமீட்டர் கட்டி ஒன்றரை சென்டிமீட்டர் துளையில் எப்படி வெளியே வரும் என்று கேட்டால், கடையில் தே ஐஸ், அதாவது ஐஸ் போட்ட டீ, பார்சல் வாங்குகிற பிளாஸ்டிக் பையை நினைத்துக்கொள்ளுங்கள், குடித்து முடித்ததும் சுருட்டி உள்ளங்கைக்குள் வைத்துவிடலாம். பிரித்து முடிக்கும் கட்டத்தில் உள்ளே உள்ள நீரை உறிஞ்சிவிட்டு, சுருங்கிய சுவரை ஓர் உறைக்குள் போட்டு இழுத்துவிடுவார்கள். புற்றோ என்று சந்தேகம் இருந்தால் மட்டும் இப்படி உடைக்க மாட்டார்கள், முழுதாகவே வெளியே எடுப்பார்கள். பெரியம்மா சொன்ன ‘கத்தி பட்டா பரவிடும்’ என்பதில் உண்மை என்று ஏதாவது இருந்தால் இந்த அளவுக்குத்தான். நீர்க்கட்டி புற்று கிடையாது, பரவுவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

ரோபோ பற்றிக் கேட்பார்கள். டா வின்சி என்ற கருவிக்கு அமெரிக்காவில் 2000ல் அனுமதி கிடைத்தது, மலேசியாவிலும் சில மருத்துவமனைகளில் ரோபோ இருக்கிறது. கருவியின் நுனி மணிக்கட்டு மாதிரி எல்லாப் பக்கமும் திரும்பும், படம் முப்பரிமாணத்தில் தெரியும். நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள ஒடுங்கிய இடத்தில் தைமஸை எடுக்க இது நிஜமாகவே வசதி. வலது மூலையில் உள்ள சாதாரண இதய உறைக் கட்டிக்கு அவ்வளவு செலவு செய்து ரோபோ தேவையா என்றால், எனக்குத் தேவையாகத் தெரியவில்லை. கருவியைப் பார்த்து மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்காமல், இந்த அறுவையை வழக்கமாகச் செய்கிறவர் யார், துளைவழியில் முடியாமல் போனால் உடனே நெஞ்சைத் திறந்து சமாளிக்கும் பயிற்சியும் ஆட்களும் அங்கே இருக்கிறார்களா என்று கேளுங்கள். ரத்தக் கசிவு வந்தால் நிமிடங்கள்தான் கையில்.

கண் விழிக்கும்போது விலாப் பக்கத்தில் ஒரு குழாய் இருக்கும், அது கட்டிலுக்குக் கீழே தண்ணீர் உள்ள புட்டியில் போய் முடியும். பார்க்க வரும் சொந்தக்காரர்கள் இதைப் பார்த்துத்தான் பயப்படுவார்கள். மூச்சு விடும்போது குழாயில் தண்ணீர் மட்டம் ஏறி இறங்கினால் நல்லது, குழாய் அடைக்கவில்லை என்று அர்த்தம். இருமும்போது குமிழி வந்தால் நுரையீரலில் எங்கோ இன்னும் காற்றுக் கசிகிறது. புட்டியை எப்போதும் நெஞ்சு மட்டத்துக்குக் கீழேதான் வைக்க வேண்டும், நடக்கும்போது தூக்கிப் பிடிக்கிறேன் என்று உதவிக்கு வருகிறவர்களிடம் இதைச் சொல்லிவையுங்கள், தண்ணீர் திரும்ப உள்ளே போகக்கூடாது. கசிவும் நீரும் நின்றால் ஓரிரண்டு நாளில் குழாயை எடுத்துவிடுவார்கள், அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ வீடு. மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் கருவியைக் கொடுத்து உறிஞ்சச் சொல்வார்கள், விளையாட்டுச் சாமான் என்று ஓரமாக வைத்துவிடாதீர்கள். வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விட்டால் சளி தங்கி நிமோனியா வரும்.

வலி பற்றி இனிமையாகப் பேசி ஏமாற்ற மாட்டேன். நெஞ்செலும்பைப் பிளந்தால் எலும்பு ஒன்றுசேரவே ஆறு முதல் எட்டு வாரம் ஆகும், விலாவை விரித்தால் வலி இன்னும் மோசம், அவற்றோடு ஒப்பிட்டால் துளைவழி எவ்வளவோ மேல். ஆனால் விலா இடுக்கு மிகக் குறுகலானது, கருவி அந்த நரம்பை அழுத்தினால் மார்புக்குக் கீழே மரத்துப்போவது, சட்டை உரசினாலே எரிவது, இதெல்லாம் சில மாதம் இருக்கலாம், சிலருக்கு அதற்கு மேலும் நீடிக்கும். உங்கள் மனப்பிரமை என்று யார் சொன்னாலும் விட்டுவிடாமல் டாக்டரிடம் திரும்பிப் போங்கள், நரம்பு வலிக்கு என்று தனி மருந்து இருக்கிறது.

பணத்துக்கு வருவோம், ஏனென்றால் நம் வீடுகளில் முடிவு அங்கேதான் ஆகிறது. பினாங்கு பெரிய ஆஸ்பத்திரியில் இதய, நெஞ்சு அறுவைப் பிரிவு இருக்கிறது, கோலாலம்பூரில் 1992ல் தொடங்கிய தேசிய இருதயக் கழகம் இருக்கிறது. அரசு நிபுணர் கிளினிக்கில் குடிமக்களுக்கு வழக்கமான கட்டணம் 5 வெள்ளி (ரிங்கிட்). காத்திருக்க வேண்டியிருக்கும், உண்மைதான். ஆனால் தொந்தரவு இல்லாத நீர்க்கட்டிக்குக் காத்திருப்பது கெடுதல் இல்லை, பெரும்பாலும் அதுவே வைத்தியம். தனியாரில் ஸ்கேன் எடுத்திருந்தால் படங்கள் உள்ள குறுந்தட்டைக் கேட்டு வாங்கி அரசு மருத்துவரிடம் காட்டுங்கள், எழுத்து அறிக்கை மட்டும் போதாது.

மெடிக்கல் கார்டு, அதாவது மருத்துவக் காப்புறுதி வைத்திருப்பவர்கள் இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். கார்டு எடுத்த முதல் 120 நாளுக்குள் வரும் சில நோய்களுக்குப் பணம் கிடையாது என்று பல பாலிசிகளில் ஒரு பட்டியல் இருக்கும், நீர்க்கட்டிகள் வழக்கமாக அதில் உண்டு. இன்னொன்று, பிறவிக் குறைபாடுகளுக்குப் பாதுகாப்பு இல்லை என்ற விதி. இதய உறை நீர்க்கட்டி பெரும்பாலும் பிறவியிலேயே வருவது என்று மேலே எழுதினேன் அல்லவா, அந்த ஒரு வரியை மருத்துவ அறிக்கையில் பார்த்துவிட்டு செலவை ஏற்பதாக ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கும் உத்தரவாதக் கடிதத்தைக் காப்புறுதி நிறுவனம் தர மறுக்கலாம். நாற்பது வயது வரைக்கும் தெரியாமலே இருந்த ஒன்றுக்கு இப்படிச் சொல்வது நியாயமில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். சில பாலிசிகள் பிறவிக் குறையையும் சேர்க்கின்றன. ஆகவே அட்மிட் ஆவதற்கு முதல் நாள் அலைவதைவிட, தேதி குறிக்கும்போதே ஏஜென்டை உட்கார வைத்துப் பாலிசி விதியைப் படித்துப் பாருங்கள். எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்த பிறகு ஓடிப்போய் புதுக் கார்டு எடுத்து, கேள்வித்தாளில் அதை மறைப்பது வேண்டவே வேண்டாம். பழைய கிளினிக் பதிவை எடுத்துக்காட்டி கார்டையே நிறுத்திவிடுவார்கள், அப்போது வேறு நோய்க்கும் கார்டு உதவாமல் போகலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு மெதுவாக நடப்பது நல்லது, அரிசி மூட்டை தூக்குவது, மோட்டார் சைக்கிளைத் தள்ளுவது இரண்டும் சில வாரம் கழித்து. விமானத்தில் போவதென்றால் எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுதாக விரிந்தது தெரிந்த பிறகு ஒரு வாரமாவது போகட்டும், இந்தோனேசியாவின் மேடானில் இருந்து பினாங்குக்கு வந்து அறுவை செய்துகொள்கிறவர்கள் இதைக் கணக்கில் வைத்து டிக்கெட் எடுக்க வேண்டும். தைப்பூசத்துக்குப் பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறலாமா என்ற கேள்வி நம் ஆட்களிடம் நிச்சயம் வரும். புண் ஆறி, டாக்டர் சரி என்றால் படியேறிக் கும்பிட்டுவிட்டு வரலாம். ஆனால் அந்த வருடம் தோளில் எடைக் காவடியும், நெஞ்சிலும் முதுகிலும் அலகும் வேண்டாம். வேண்டுதலை அடுத்த வருடத்துக்கு ஒத்திவைப்பதை முருகன் ஏற்றுக்கொள்ளாமல் போகமாட்டான்.

எடுத்த கட்டி நோய்க்கூறு ஆய்வகத்துக்குப் போகும், ஓரிரண்டு வாரத்தில் முடிவு வரும். தையல் பிரித்ததோடு எல்லாம் முடிந்தது என்று பலர் அதை வாங்கப் போவதே இல்லை. ஸ்கேனும் டாக்டரும் சொன்னது அதுவரைக்கும் ஊகம்தான், என்ன கட்டி என்று எழுத்தில் உறுதி செய்வது அந்தத் தாள் ஒன்றுதான். பிரதி கேட்டு வாங்கி, குறுந்தட்டோடு சேர்த்து ஒரே ஃபைலில் வையுங்கள், ஐந்து வருடம் கழித்து வேறு எதற்கோ எடுக்கும் எக்ஸ்ரேயில் அங்கே சின்னத் தழும்பு ஒன்று தெரிந்தால் புது டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.